சிட்டி கவுன்சிலுக்கு மாநில பட்ஜெட்டில் என்ன வேலை? கலிஃபோர்னியா கேள்வி பதில்

தேர்தல் வந்தால் நம் ஊர் கவுன்சில் "இந்த ப்ராப்பை ஆதரிக்கிறோம்" என்று தீர்மானம் போடுகிறதே, அது எதற்கு என்று பலர் கேட்டிருந்தீர்கள். ப்ராப் என்றால் ப்ரொபொசிஷன், அதாவது மக்கள் நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் சட்ட முன்மொழிவு. பல வருடமாக இதைக் கவனித்து வருகிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: குப்பை, ரோடு, போலீஸ் என்று பார்க்க வேண்டியவர்கள் மாநில பட்ஜெட்டில் ஏன் மூக்கை நுழைக்கிறார்கள்?

அந்தக் குப்பைக்கும் ரோட்டுக்குமான பணம் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. 1978-இல் வந்த ப்ராப் 13, சொத்து வரி விகிதத்தை 1 விழுக்காட்டில் கட்டிப்போட்டது. அதில் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் கரண்டி மாநிலத்தின் கைக்குப் போனது. 1990-களின் தொடக்கத்தில் பற்றாக்குறை வந்ததும், பள்ளிகளுக்குத் தன் கஜானாவிலிருந்து தர வேண்டியதைக் குறைத்துக்கொள்வதற்காக, நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) போய்க்கொண்டிருந்த சொத்து வரியில் ஒரு பகுதியை மாநிலம் பள்ளிக் கணக்குக்குத் திருப்பிவிட்டது. அந்தச் சூடுதான் இன்னும் ஆறவில்லை.

கேள்வி: 2004 ப்ராப் 1ஏ பற்றிச் சொல்லுங்களேன். அப்போது ப்ராப் 65 என்று இன்னொன்றும் இருந்ததாம்?

இருந்தது, அதுதான் சுவாரசியமே. முதலில் உள்ளாட்சி அமைப்புகள் சேர்ந்து, தங்கள் பணத்தை மாநிலம் எடுப்பதைத் தடுக்கும் ப்ராப் 65-ஐ வாக்குச்சீட்டில் ஏற்றின. அதைக் கையில் வைத்துக்கொண்டே ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கருடன் பேரம் பேசி, இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 130 கோடி டாலர் விட்டுத்தர ஒப்புக்கொண்டன. பதிலுக்கு, உள்ளாட்சிப் பணத்தில் மாநிலம் இனிமேல் கை வைக்காது என்கிற அரசியல் சட்டத் திருத்தம், அதுதான் 1ஏ. அப்புறம் தாங்கள் கொண்டுவந்த 65-ஐயே கைவிட்டுவிட்டு எல்லாரும் 1ஏ பின்னால் நின்றார்கள். 83 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு! 65 தோற்றது. என்னைக் கேட்டால், மிரட்டிக் காரியம் சாதிப்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கேள்வி: 2009 மே மாதம் தோற்ற 1ஏ-வும் இதுதானா?

இல்லை. எண் மட்டும்தான் ஒன்று, விஷயம் வேறு.

கேள்வி: அப்படியென்றால் 2009-இல் மாநிலம் எப்படி மறுபடி சொத்து வரியை எடுத்தது?

1ஏ-வில் ஒரு சன்னல் திறந்தே இருந்தது. ஆளுநர் நிதி நெருக்கடி என்று அறிவித்து, சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் கிடைத்தால் கடனாக எடுக்கலாம், மூன்று ஆண்டுக்குள் வட்டியோடு திருப்பித்தர வேண்டும். அப்படித்தான் சுமார் 190 கோடி டாலர் போனது. கோபத்தில் அடுத்த ஆண்டே உள்ளாட்சிகள் ப்ராப் 22-ஐக் கொண்டுவந்து அந்தச் சன்னலையும் அடைத்தன. அது 60 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி ஜெயித்தது.

கேள்வி: என் வரிப்பணத்தில் பிரச்சாரம் பண்ணலாமா?

கூடாது. 1976-இலேயே ஸ்டான்சன் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கோடு போட்டுவிட்டது. கூட்டம் போட்டு, மக்களைப் பேசவிட்டு, ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றலாம். இந்த ப்ராப் வந்தால் நம் பட்ஜெட்டுக்கு என்ன ஆகும் என்று நியாயமாக விளக்கலாம். "ஆம் என்று வாக்களியுங்கள்" என்று நகர நிதியில் நோட்டீஸ் அடித்தால் சிக்கல். ஊழியர்கள் வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தக் காசில் என்னவும் செய்யட்டும்.

கேள்வி: கடைசியில் ப்ராப் 22-ஆல் நகரங்களுக்கு லாபம்தானா?

பாதி. மறுமேம்பாட்டு ஏஜென்சிகளின் (நலிந்த பகுதிகளைச் சீரமைக்க நகரங்கள் நடத்திய அமைப்புகள்) பணத்தை மாநிலம் எடுக்கக் கூடாது என்றும் அதில் எழுதியிருந்தார்கள். 2011-இல் மாநிலம் இரண்டு சட்டம் போட்டது: ஒன்று ஏஜென்சிகளையே கலைக்க, இன்னொன்று பணம் கட்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று. நகரங்கள் கோர்ட்டுக்குப் போயின. கலைப்பது செல்லும், பணம் கேட்பதுதான் ப்ராப் 22-க்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது! அவர்கள் போட்ட பூட்டே பிழைக்கும் வழியையும் அடைத்துவிட்டது, 2012 பிப்ரவரியில் சுமார் 400 ஏஜென்சிகள் மூடப்பட்டன.