நான் சிலை எதையும் கும்பிடுவதில்லை. அப்புறம் என் வாழ்க்கையில் விக்கிரகம் எங்கே இருக்கிறது?

"உலக விக்கிரகங்களை விட்டுவிட்டுக் கடவுளுக்கு முதலிடம் கொடு என்று சபையில் சொல்கிறார்கள், நடைமுறையில் அதற்கு என்ன அர்த்தம்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் போதகர் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் விக்கிரகத்துக்கு மூன்று படுக்கையறை இருந்தது. முப்பது வருடக் கடனும் இருந்தது.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான்கு மணிக்கே எழுந்து, இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்பார். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. நான் மூன்றாம் படிவம் படிக்கும்போது தோட்டம் கைமாறியது. லயத்து வீட்டை, அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்யச் சொன்னார்கள். அம்மா பிறந்ததே அந்த லயத்தில்தான். அதில் ஒரு பலகைகூட எங்களுடையது இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. லாரியில் சாமான் ஏற்றும்போது, என்றைக்காவது யாரும் காலி செய்யச் சொல்ல முடியாத ஒரு வீடு வாங்குவேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன்.

இந்த ஆசையில் தப்பு இருப்பதாக நான் இப்போதும் நினைக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, துண்டாடப்பட்டு விலை போய்க்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்கள் காசு சேர்த்து வாங்கிவிடலாம் என்றுதான். கால் ஊன்ற ஓரிடம் வேண்டும் என்பது தோட்டத்து ஜனங்களுக்குப் பேராசை இல்லை, பழைய காயம். ஆனால் என் அனுபவத்தில் விக்கிரகம் கெட்ட பொருளில் முளைப்பதில்லை. இப்படி ஒரு நியாயமான காயத்தில்தான் முளைக்கிறது. அதனால்தான் கண்டுபிடிக்க இவ்வளவு நாள் ஆகிறது.

தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீடு வாங்கியாயிற்று. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்பதால் மாதத்தில் மூன்று ஞாயிறு ஓவர்டைம் எழுதிக்கொள்வேன். ஆராதனைக்கு மனைவியும் பிள்ளையும் அம்மாவும் போவார்கள். நான் கேட்டுக்கும் டைல்ஸுக்கும் அடுக்களையைப் பின்பக்கம் இழுத்துக் கட்டுவதற்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். கேட்டால், "குடும்பத்துக்காகத்தானே உழைக்கிறேன்" என்பேன். பொய்யும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். அந்த வாரம்தான் சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றியிருந்தேன், வெளிர் சாம்பல் நிறம். ஜெபம் முடிந்து பலகாரம் கொடுக்கும்போது, சபையில் ஒரு அக்காவின் ஐந்து வயதுப் பையன் ஒரு கிளாஸ் ரோஸ் சிராப்பை அப்படியே சோபாவில் கவிழ்த்துவிட்டான். நான் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். சற்று முன்புதான் "இயேசுவே உமக்கே எல்லாம்" என்று உருக்கமாக ஜெபித்த அதே வாய். பையன் அழக்கூட மறந்து கையில் காலி கிளாஸோடு நின்றான். அவன் அம்மா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் அம்மா எழுந்து வந்து பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சாரோங் நுனியால் அவன் கையைத் துடைத்துவிட்டார். சோபாவைத் துடைக்கவில்லை. "அது சோபாடா. இது புள்ள" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கறை இன்னும் இருக்கிறது. மெத்தையைத் திருப்பிப் போட்டிருக்கிறோம்.

அன்று இரவு எனக்கு ஞாபகம் வந்தது பாட்டியின் ஞானோபதேசம். பாட்டி தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசப் பாடத்தை, சின்ன வயதில் எங்களை மனப்பாடம் பண்ண வைத்தவர். "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்ற முதல் கற்பனைக்கு (கட்டளைக்கு) அதில் வரும் விளக்கம் ஒரே வாக்கியம்தான்: எல்லாவற்றுக்கும் மேலாகத் தேவனுக்குப் பயப்பட வேண்டும், அவரை நேசிக்க வேண்டும், அவரை நம்ப வேண்டும். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்த அந்த மூன்றையும் வைத்து முதல்முறையாக என்னைக் கேட்டுப் பார்த்தேன். எதற்குப் பயப்படுகிறேன்? பேங்க் கடிதத்துக்கு. எதை நேசிக்கிறேன்? பிரசங்கம் நடக்கும்போதும் மனம் டைல்ஸ் கடையில்தான் நிற்கிறது. எதை நம்புகிறேன்? வீட்டுப் பத்திரத்தை. அதுவும் பேங்கில்தான் இருந்தது.

விக்கிரகம் என்ற வார்த்தை வந்ததும் நம் ஆட்கள் சிலர் உடனே தெருமுனை மாரியம்மன் கோவிலைக் காட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது "விக்கிரகாராதனையான பொருளாசை" என்கிறார், அதைப் படித்தது சபையில் உட்கார்ந்திருந்தவர்கள். எசேக்கியேல் 14-இல் விக்கிரகத்தை இருதயத்தில் நாட்டி வைத்திருப்பவர்கள் இஸ்ரவேலின் மூப்பர்கள், அந்நியர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தீபாவளிக்குக் கொடுத்த முறுக்கை வாங்கலாமா கூடாதா என்று ஒரு மணி நேரம் விவாதிக்கிற நாம், சனிக்கிழமை நாலு நம்பர் லாட்டரிக் கடையில் வரிசை பிடிக்கும் விசுவாசியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஞாயிறு ஓவர்டைமை நிறுத்தினேன். மாதம் நானூறு வெள்ளிக்கு மேல் துண்டு விழுந்தது. இழுத்துக் கட்டிய அடுக்களைச் சுவர் இரண்டு வருடம் பூசாமலே நின்றது. கடவுள் அந்த நானூறை வேறு வழியில் திருப்பிக் கொடுத்தார் என்று சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். கொடுக்கவில்லை. சோறு இருந்தது, கடன் தவணை தவறவில்லை, அவ்வளவுதான். "முதலிடம் கொடு, வீடும் காரும் தானாக வரும்" என்று பிரசங்கிக்கிறவர்களிடம் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அந்தக் கணக்கில் கும்பிடப்படுவது வீடும் காரும், கடவுள் அதற்கு ஏஜெண்ட். "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது" என்று இயேசு சொல்லும் இடத்தில், பொருளை ஒரு எஜமானாகவே நிறுத்திப் பேசுகிறார். எஜமானிடம் பேரம் பேசி வெளியே வர முடியாது. இன்னொரு எஜமானிடம் போய்ச் சேர வேண்டும்.

அம்மா இதையெல்லாம் விளக்கமாகப் பேசியவர் இல்லை. தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து அவருக்கு ஒரு பழக்கம்: உலையில் போடும் முன், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து மைலோ டின்னில் போடுவார். மாதக் கடைசியில் அந்தப் பிடியரிசி சபைக்குப் போகும். மழைக்காலத்தில் அரிசிச் சாக்கு தட்டிக்கொண்டிருக்கும்போதும் முதல் பிடி டின்னுக்குத்தான். மீந்ததைக் கொடுப்பதாக இருந்தால் எங்கள் வீட்டில் ஒன்றும் மீந்திருக்காது.

எனக்கு மிகவும் உதவியது ஏசாயா 46. பாபிலோனின் பேல், நேபோ என்ற தெய்வங்களை மிருகங்கள் மேல் ஏற்றுகிறார்கள், மிருகங்கள் பாரம் தாங்காமல் தள்ளாடுகின்றன. அடுத்து கர்த்தர் தன் ஜனத்திடம் சொல்கிறார்: "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்." காண்டா வாளியில் பால் சுமந்து தோள் காய்த்துப்போன அம்மாவுக்கு இந்த அதிகாரம் ரொம்பப் பிடிக்கும். நான் சுமக்க வேண்டிய தெய்வமா, என்னைச் சுமக்கிற தெய்வமா என்று இதை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். என் வீட்டை நான்தான் சுமந்தேன்.

நீங்கள் ஒன்றை இறக்கி வைத்தால் இன்னொன்று வந்து உட்காரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஓவர்டைமை விட்ட பிறகு சபைக் கட்டட நிதிக்குப் பொருளாளர் ஆனேன். கொஞ்ச நாளில் அந்தக் கணக்குப் புத்தகத்தை வேறு யாராவது தொட்டாலே எனக்குச் சுருக்கென்றது. மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கே இஸ்ரவேலர் தூபம் காட்ட ஆரம்பித்து, கடைசியில் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட வேண்டியதாயிற்று. என் கணக்குப் புத்தகம் எம்மாத்திரம்?

இந்த வருடம் மகளுக்கு எஸ்.பி.எம். பரீட்சை. கெட்டிக்காரப் பிள்ளை, டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். டியூஷன் ஆசிரியர் கூடுதல் கெமிஸ்ட்ரி வகுப்பை ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வைத்திருக்கிறார். ஆராதனையும் ஒன்பது மணிக்குத்தான். நேற்று இரவு மனைவியும் நானும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். "பரீட்சை வரைக்கும் தானே" என்றேன் நான். மனைவி பதில் சொல்லாமல் சோபா மெத்தையைப் பார்த்தாள்.