தொட்டியில் பாதி இருக்கும்போதே தண்ணீர் நிற்பது ஏன்?

கேள்வி: கனடாவின் நுனாவுட் பிரதேசத்தில், பாஃபின் தீவின் ஒரு சிற்றூரில் ஆசிரியையாக வேலை செய்கிறேன். மாமியார், இரு குழந்தைகள் உட்பட வீட்டில் ஐந்து பேர். தண்ணீர்த் தொட்டி 1,200 லிட்டர். வாரத்துக்கு மூன்று முறை லாரி வரவேண்டும். பனிப்புயல் அடித்தால் நான்கு நாள்கூட வருவதில்லை. சில நேரம் தொட்டியில் பாதி இருக்கும்போதே குழாயில் தண்ணீர் நின்றுவிடுகிறது. இரண்டாவது தொட்டியும் வடிகட்டியும் பொருத்தித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. உங்கள் வீட்டில் இருப்பது ஒரு தொட்டி அல்ல, இரண்டு. தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தொட்டியில் தண்ணீர் இருந்தும் குழாய் நிற்கிறது என்றால், பெரும்பாலும் கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது என்று பொருள். அது நிரம்பியதும் உள்ளே இருக்கும் மிதவை மேலே எழும்பி, தண்ணீர் பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பல வீடுகளில் வெளிச்சுவரில் ஒரு விளக்கும் எரியும். அப்போது நீங்கள் கூப்பிட வேண்டியது, கழிவை உறிஞ்சி எடுத்துப்போகும் கழிவுநீர் லாரியை. அதை விட்டுவிட்டுத் தண்ணீர் லாரிக்காகக் காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது தண்ணீர்த் தொட்டி வாங்கினால் என்ன ஆகும்? கூடுதல் தண்ணீரும் அதே கழிவுத் தொட்டிக்குத்தான் போய்ச் சேரும். அது நிரம்பியதும் பம்ப் மறுபடியும் நிற்கும். மேலும் ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை. ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண்ணில் ஊன்றிய கால்களின் மேல் நிற்கும் வீட்டின் தரை அதைத் தாங்குமா என்று, விற்பவர் ஒரு நாளும் சொல்லமாட்டார். வீடு உங்கள் சொந்த வீடாகவும் இருக்காது. வேலைக்காகத் தரப்பட்ட வீட்டில் அனுமதியில்லாமல் குழாயை வெட்டினால், அதன்பின் வரும் கசிவுகளுக்கெல்லாம் உங்கள் தலைதான் உருளும்.

இத்தகைய ஆட்களில் சிலர் இன்னொரு வேலையும் செய்வார்கள். “தண்ணீர் நிற்காமல் வரும்படி செய்கிறேன்” என்று சொல்லி அந்த மிதவையைத் தாண்டி மின்கம்பியை நேராக இணைத்துவிடுவார்கள். ஒரு வாரம் எல்லாம் நன்றாக இருக்கும். பிறகு ஒரு புயல் நாளில் குளியல் தொட்டி வழியாகக் கழிவுநீர் மேலே ஏறும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைவிட மோசமான ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தக் கம்பியில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

இனி செய்யவேண்டியது. கழிவறை ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் கேக் வண்ணத்தை ஊற்றிவிட்டு, இருபது நிமிடம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். கீழே கோப்பையில் வண்ணம் தெரிந்தால், அடியிலுள்ள ரப்பர் மூடி கசிகிறது. சத்தமே இல்லாத இந்தக் கசிவு உங்கள் தண்ணீரையும் குடிக்கும், கழிவுத் தொட்டியையும் நிரப்பும். அந்த மூடி மலிவானது, உடனே மாற்றச் சொல்லுங்கள். ஃபிளஷ் தொட்டி பழைய வகை என்றால் ஒரு தடவைக்கு 13 லிட்டர் போகும். ஐந்து பேர் நாளுக்கு ஐந்து முறை என்றால் 325 லிட்டர். நான்கு நாளில் 1,300 லிட்டர். உங்கள் தொட்டியே 1,200தான்! புதிய வகைக்கு 4.8 லிட்டர் போதும். வடிகட்டிக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை இதில் போடுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். ஐந்து பேருக்கு நான்கு நாளைக்கு 80 லிட்டர், அதாவது நான்கு இருபது லிட்டர் கேன்கள். லாரி வந்துபோன அன்றே நிரப்பி, வெளிச்சுவரை ஒட்டாமல் வீட்டின் உட்பகுதியில் வையுங்கள். எரிபொருள் இருந்த கேன் வேண்டவே வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் சரி. லாரிக் குழாய் மாட்டும் இடத்துக்குப் போகும் வழியில் பனியை அள்ளிவிடுங்கள், நாயை அங்கே கட்டாதீர்கள். ஓட்டுநர் திரும்பிப் போவதற்கு இவை நியாயமான காரணங்கள். தொட்டி வற்றிவிட்டால் பம்பின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், வெறுமையாக ஓடினால் எரிந்துவிடும்.

வடிகட்டி பற்றி. குளோரின் வாடை பிடிக்கவில்லை என்றுதான் பலர் வாங்குகிறார்கள். தொட்டியில் நாள்கணக்கில் நிற்கும் தண்ணீரை அந்த குளோரின்தான் காக்கிறது. வாடை அதிகம் என்றால் குடிக்கும் தண்ணீரை மட்டும் ஒரு கூஜாவில் ஊற்றி வையுங்கள், அடங்கிவிடும். தொட்டியை ஆண்டுக்கு ஒருமுறையாவது கழுவச் சொல்லுங்கள். சந்தேகமான தண்ணீரை நன்றாகக் குமிழிட்டு ஒரு நிமிடம் கொதிக்கவைத்தால் கிருமி சாகும்.

எரிபொருள் கலந்த தண்ணீருக்கு இது பொருந்தாது. தண்ணீரில் டீசல் அல்லது பெட்ரோல் வாடை அடித்தால் கொதிக்கவைப்பதால் ஒரு பயனும் இல்லை. எரிபொருள் ஆவியாகி உங்கள் சமையலறையில்தான் பரவும். ப்ளீச் உதவாது, வடிகட்டிக் கூஜாவை நம்பக்கூடாது. குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டாதீர்கள். 2021 அக்டோபரில் நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட்டில் இதுதான் நடந்தது. வாடை அடிக்கிறது என்று முதலில் சொன்னவர்கள் குடிமக்கள். குடிக்கவேண்டாம் என்ற அறிவிப்பு அதன்பிறகே வந்தது, டிசம்பர் வரை நீடித்தது. மக்கள் சில்வியா கிரின்னல் ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்தார்கள். ஆகவே ஹாம்லெட் அலுவலகம், அதாவது உங்கள் ஊர் நிர்வாகம், சரி என்று சொன்னாலும் உங்கள் மூக்கை நம்புங்கள். உடனே சுகாதார நிலையத்திடம் சொல்லுங்கள். வாடை வீசும் தண்ணீரில் கொஞ்சத்தைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் மூடி வையுங்கள்.

ஓட்டுநர்மேல் கோபப்படாதீர்கள். 2025 மார்ச்சில், கியூபெக் மாகாணத்தின் வடபகுதியிலுள்ள புவிர்னிடுக் என்ற ஊரில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் குழாயே உறைந்துபோனது. லாரி இருந்து என்ன பயன்? ஒரு லாரி பழுதானால் உதிரிபாகம் விமானத்தில் வரவேண்டும். வீட்டுப் பஞ்சத்தால் ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று குடும்பங்கள் வாழும் ஊர்களில், ஆட்களை எண்ணாமல் வீட்டுக்கு ஒரு தொட்டி என்று யார் முடிவு செய்தார்கள்? ஆண்டுக்கணக்காக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கிடைக்கும் பதில் இன்னொரு ஆய்வறிக்கைதான்.

நீங்கள் ஒன்று செய்யலாம். லாரி வராத ஒவ்வொரு நாளையும், கழிவுத் தொட்டி நிரம்பிப் பம்ப் நின்ற ஒவ்வொரு நாளையும் நாட்காட்டியில் குறியுங்கள். இரண்டு மாதம் ஆனதும் ஹாம்லெட் அலுவலகத்துக்கும் வீட்டைத் தந்தவர்களுக்கும் எழுத்தில் கொடுங்கள். ஐந்து பேர் இருக்கிறோம், கழிவுநீர் லாரியின் முறையைக் கூட்டுங்கள் என்று மட்டும் கேளுங்கள். பொதுவாகத் தண்ணீர் வரவில்லை என்று எழுதினால் கடிதம் கோப்பில் படுத்துவிடும்.