சிக்னலை இணைக்கச் சங்கம் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: தக்கலையிலிருந்து தினமும் பைக்கில் நாகர்கோவில் வருகிறேன். டவுனுக்குள் அடுத்தடுத்த இரண்டு சிக்னல்களை ஒருநாள் நிற்காமல் தாண்டிவிடுகிறேன். மறுநாள் இரண்டிலும் சிவப்பு. ஒரு ஏஜென்ட், ‘ஏஐ கேமரா போட்டு இரண்டையும் இணைத்துவிடுவோம்’ என்று எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பொதுச்சாலை சிக்னலில் கைவைக்க அவர் யார்? அனுமதி ஆணையை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள், ஆள் மறுபடி வரமாட்டார். இவர்களுக்குக் கண்ணெல்லாம் கம்பத்தில் மாட்டப்போகும் விளம்பரப் பலகை மேல்தான். அதோடு, கேமரா பார்த்துத் தன் இஷ்டத்துக்கு நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் சிக்னலைப் பக்கத்து சிக்னலோடு சேர்த்து இயக்காவிட்டால், இரண்டும் இப்போதைவிட அதிகமாக விலகும்.

உங்கள் சிக்கல் அநேகமாக இதுதான். ஒரு பச்சை தொடங்கி அடுத்த பச்சை வரும் வரை ஒரு சுற்று. முதல் சிக்னலுக்கு 90 விநாடி, அடுத்ததற்கு 100 என்றால், ஒவ்வொரு சுற்றிலும் 10 விநாடி விலகும். 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பழையபடி பொருந்தும். நீங்கள் எந்த நிமிடத்தில் வந்து சேர்கிறீர்களோ, அது உங்கள் அதிர்ஷ்டம். சுற்று ஒன்றாகவே இருந்தாலும், கரண்ட் போய் வந்தபின் கடிகாரங்கள் விலகிப் போவதுண்டு.

சுற்றைச் சமமாக்கிவிட்டு, இரண்டாவது பச்சையைப் பயண நேரம் அளவுக்குத் தள்ளிவைத்தால் போதும். இடைவெளி 500 மீட்டர், வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் 60 விநாடி.

ஒரே ஒரு வம்பு, எதிர்த்திசை. 90 விநாடிச் சுற்றில் இப்படி வைத்தால், எதிரே வருபவர் முதல் சிக்னலை எட்டும்போது அங்கே பச்சை தொடங்கி 30 விநாடி ஓடியிருக்கும்; முன்னால் வரும் நாலைந்து வண்டி தப்பும், பின்னால் வருபவர்கள் மாட்டுவார்கள். சுற்றை 120 ஆக்கினால் இரண்டு பக்கமும் பச்சை, ஏனென்றால் பயண நேரம் சுற்றில் சரிபாதி. ஆனால் குறுக்குச் சாலைக்காரர் அதிக நேரம் காத்திருக்க வேண்டும். அது முடியாதென்றால் காலையில் டவுனுக்குள் வருபவருக்கும், மாலையில் திரும்புபவருக்கும் தனித்தனி அமைப்பு வைக்கலாம். இதற்குக் கேமரா எதற்கு?

செல்போன் ஸ்டாப்வாட்சில் இரண்டு சிக்னலின் சுற்றையும் பத்துமுறை அளந்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுங்கள். சாலை பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பும்படி மனுவிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் போலீஸ் நெடுஞ்சாலைத் துறையைக் காட்டும், அவர்கள் மாநகராட்சியைக் காட்டுவார்கள். பொத்தான் திருப்பும் வேலைக்கு மூன்று மேஜை! ரசீது எண்ணை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.