யாளி வரைந்தால் பிள்ளை பயப்படுமா?

கேள்வி: காட்பாடியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பூதம், அரக்கன், யாளி என்று கதை சொல்லிப் படம் வரைய வைக்கிறேன். ஒரு குழந்தையின் அம்மா, "ராத்திரி தூங்க மாட்டேங்குது, இதெல்லாம் வேணாம் டீச்சர்" என்கிறார். நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்தாதீர்கள் டீச்சர், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். கடைசிப் பீரியடில் கதை சொல்லி மணி அடித்ததும் அனுப்பினால், பூதமும் பிள்ளையோடு வீட்டுக்குப் போய்விடும். காலையிலேயே சொல்லுங்கள். கதை முடிந்த கையோடு காகிதமும் க்ரையானும் கொடுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு 'இது வெறும் கதை' என்று பகலில் தெரியும்; இருட்டில் அந்தத் தெளிவு போய்விடும். பூதத்துக்கு எத்தனை பல், என்ன சாப்பிடும், எங்கே தூங்கும், எதைப் பார்த்தால் நடுங்கும் என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். அப்புறம் அது பிள்ளையின் பேச்சைக் கேட்கிற பூதம்.

முதலில் யாளியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபம் இருக்கிறதே, விஜயநகர காலத்து 16-ஆம் நூற்றாண்டு வேலை, தூண்களில் யாளிகளும் குதிரைகளும் எழும்பி நிற்கும். நல்ல வெளிச்சத்தில் கூட்டிப் போங்கள். போனதும் வரையச் சொல்லாமல், "இதுக்குள்ள எந்தெந்த மிருகம் இருக்கு?" என்று தேட விடுங்கள். யாளிக்குச் சிங்கத்தின் உடம்பு. சில வகைக்கு யானையின் தும்பிக்கையும் உண்டு. பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குச் சேர்க்கவும் வந்துவிடும். வகுப்புக்குத் திரும்பியதும் ஓணான், ஆடு, தவளை, மயில் எதையாவது கலந்து புது மிருகம் செய்யட்டும். பயப்படுகிற பிள்ளைக்குக் களிமண் இன்னும் நல்லது. பிடிக்கவில்லையென்றால் அமுக்கி உருட்டிவிடலாம்.

அரக்கன் என்றதும் பல பிள்ளைகளின் கை கறுப்பு க்ரையானுக்குப் போகும். இதை மட்டும் கவனிக்காமல் விடாதீர்கள். அதே பெஞ்சில் கறுத்த பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. பச்சை, ஊதா, கோடு, புள்ளி என்று நீங்களே முதலில் வரைந்து காட்டுங்கள்.

அங்காளம்மனுக்கு எடுக்கிற மயானக் கொள்ளைத் திருவிழாவன்று பாலாற்றில் பார்த்த வேடங்களைப் பற்றியும் பிள்ளைகள் பேசுவார்கள், பேசட்டும். ஆனால் அங்காளம்மனும் முனீஸ்வரனும் வீட்டில் கும்பிடுகிற சாமி. பூதங்களோடு சேர்க்க வேண்டாம்.

அந்த அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். "சாப்பிடலன்னா பூச்சாண்டி புடிச்சிட்டுப் போயிடுவான்" என்று யாராவது மிரட்டுகிறார்களா, படுக்கும் முன் செல்போனில் பேய் வீடியோ ஓடுகிறதா என்று குறை சொல்லாமல் கேளுங்கள். பல வீடுகளில் பயம் அங்கிருந்துதான் வருகிறது. பிள்ளை வரைய மறுத்தால் வற்புறுத்தாமல், மற்றவர்களின் மிருகங்களுக்குப் பெயர் வைக்கும் வேலையைக் கொடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, பள்ளிக்கே வர மறுத்தால் காத்திருக்க வேண்டாம். பாகாயத்தில் சிஎம்சி மனநல மையத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டச் சொல்லுங்கள்.