கேள்வி – பதில்: வேட்டைக் கத்தியின் அலகும் முனையும்

கேள்வி: மிச்சிகனில் வசிக்கும் என் மைத்துனர் இலையுதிர் காலத்தில் நண்பர்களுடன் மான் வேட்டைக்குச் செல்வது வழக்கம். அவருக்கு ஒரு கத்தி பரிசளிக்க விரும்புகிறேன். டிராப் பாயின்ட், கிளிப் பாயின்ட், ஸ்கின்னர் என்று ஏகப்பட்ட வடிவங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? – வாசகர், கோவை

பதில்: வேட்டைக் கத்தி என்றதும் விலங்கைக் கொல்லும் ஆயுதம்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் வட அமெரிக்காவில் மானை வீழ்த்துவது துப்பாக்கியோ அம்போதான். கத்தியின் வேலை மான் விழுந்த பிறகே தொடங்குகிறது. குடலை அகற்றுவது, தோலை உரிப்பது, மூட்டுகளைப் பிரிப்பது ஆகிய மூன்றுக்கும் ஒரே கத்தி உதவ வேண்டும் என்பதால்தான் அலகின் வடிவம் பற்றி வேட்டைக்காரர்கள் இவ்வளவு விவாதிக்கிறார்கள்.

இவற்றில் முதல் வேலையே கத்திக்குப் பெரிய சோதனை. மானை மல்லாத்தி, வயிற்றுத் தோலில் சிறு துளையிட்டு, இடக்கையின் இரு விரல்களை உள்ளே நுழைத்துத் தோலையும் வயிற்றுச் சவ்வையும் மேலே தூக்கிப் பிடித்து, அந்த இரு விரல்களுக்கு நடுவே கத்தியின் கூர்ப்பக்கம் மேலே பார்க்கும்படி வைத்து, உள்ளிருந்து வெளிப்புறமாக அறுத்துக்கொண்டே போக வேண்டும். இப்படி அறுத்தால் மயிர் துண்டுபட்டு இறைச்சியில் ஒட்டாது; கூரும் விரைவில் மழுங்காது. ஆனால் கத்தியின் முனை சற்றே கீழிறங்கி இரைப்பையையோ சிறுநீர்ப்பையையோ கிழித்துவிட்டால், அதிலிருந்து வழிவது இறைச்சியைக் கெடுத்துவிடும். கத்தியைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் அந்த நேரத்தில் முனை எங்கே இருக்கிறது என்பதே கேள்வி.

டிராப் பாயின்ட் இந்தக் கேள்விக்குப் பிறந்த விடை என்றே சொல்வேன். அதன் முதுகு, அதாவது கூரில்லாத பக்கம், பிடியிலிருந்து முனையை நோக்கி மெல்லச் சரிந்து இறங்குவதால், முனை முதுகின் கோட்டுக்குச் சற்றுக் கீழே அமைகிறது. கத்தியைத் திருப்பிப் பிடிக்கும்போது அதே முனை மேல்நோக்கி ஒதுங்கிக்கொள்ள, குடலின் மீது உரசிச் செல்வது முதுகின் மழுங்கிய வளைவுதான். முனைக்குப் பின்னால் எஃகு தடிமனாக இருப்பதால் மூட்டில் நுழைத்துச் சற்றுத் திருகினாலும் எளிதில் ஒடியாது.

இவ்வடிவத்தை வேட்டைக்காரர்கள் நடுவே பரப்பிய பெருமை அமெரிக்கக் கைவினைஞர் பாப் லவ்லெஸுக்கு (1929–2010) உரியது. 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ராண்டல் என்ற பெயர்பெற்ற பட்டறையின் கத்தி ஒன்றை வாங்கச் சென்ற அவர், அதற்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்று அறிந்ததும், பழைய கார் ஸ்பிரிங் எஃகைத் தேய்த்துத் தாமே ஒரு கத்தி செய்துகொண்டார். பின்னாளில் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் அமைந்த அவருடைய பட்டறையிலிருந்து வந்த டிராப் பாயின்ட் கத்திகளைப் பார்த்தே உலகெங்கும் ஒரு தலைமுறை கத்தி செய்யக் கற்றது. அக்கத்திகளில் காம்பு, அதாவது பிடிக்குள் தொடரும் எஃகுப் பகுதி, பிடியின் முழு அகலத்துக்கும் நீண்டிருக்கும். ஆனால் பின்னால் போகப்போக அது மெலிந்துகொண்டே வரும். அதனால் உறுதியும் குறையாமல், கனமும் பின்னுக்கு இழுக்காமல், கத்தி கையில் நடுநிலையாக நிற்கிறது. அந்த மெலிவைச் சீராகத் தேய்த்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தவர்களுக்கே தெரியும்.

கிளிப் பாயின்டில் முதுகின் முன்பகுதி வெட்டி எடுத்தாற்போல் உட்குழிந்திருக்கும். முனை மெலிந்து, ஊசியாக இருக்கும். 1964-இல் வெளிவந்த பக் 110 என்ற மடக்குக் கத்தி இவ்வடிவத்தைப் பல லட்சம் பேரின் இடுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. நுணுக்கமான வேலைக்கு அந்த முனை நன்றாக உதவும். வயிற்றைத் திறக்கையில் கூடுதல் கவனம் வேண்டும். முனை முதுகைவிட மேலேறி நிற்கும் டிரெய்லிங் பாயின்டிலும், அகன்று குட்டையான ஸ்கின்னரிலும் கூர்ப்பக்கம் நீண்டு வளைந்திருப்பதால் அவை தோலுரிப்பதற்கென்றே ஏற்பட்டவை. தலையைப் பதப்படுத்தி மாட்டுவதற்காகக் கண்ணிமை, உதடு, காது ஆகியவற்றைச் சுற்றித் தோலைப் பிரிப்பவர்கள் கேப்பிங் கத்தி என்ற சிறு கத்தியைத் தனியாக வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரே கத்திதான் கொடுப்பதென்றால், ஒன்பது சென்டிமீட்டர் அளவில் அலகும் முழுக் காம்பும் கொண்ட டிராப் பாயின்டையே வாங்குங்கள். பிடி செம்மஞ்சள் நிறத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்தி நேரத்தில் சருகுகளுக்கு நடுவே கீழே வைத்த கத்தியைத் தேடி அலைய வேண்டியிராது.

கேள்வி: படங்களில் காணும் போவி கத்தி போன்ற பெரிய கத்தியே வேட்டைக்காரருக்கு ஏற்றது அல்லவா? – வாசகர், மதுரை

பதில்: இல்லை. போவி கத்தியின் புகழ் 1827-இல் மிசிசிப்பி ஆற்றின் மணல்திட்டில் ஜேம்ஸ் போவி ஈடுபட்ட கைகலப்பிலிருந்து தொடங்குகிறது; மனிதரோடு மனிதர் மோதிய சண்டையில் பெயர் பெற்ற கத்தி அது. விலா எலும்புக் கூட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத மூச்சுக்குழலை அறுக்கும்போது இருபது சென்டிமீட்டர் அலகு தன் கையையே வெட்டிவிடும். அங்கே ஆட்காட்டி விரலை முதுகின்மேல் நீட்டி வைத்தால் முனை வரை உணர முடிகிற சிறு கத்திதான் பாதுகாப்பானது.

கேள்வி: சில கத்திகளின் முதுகில் கொக்கி போன்ற வெட்டு இருக்கிறதே, அதனால் பயன் உண்டா? – வாசகர், திருச்சி

பதில்: உண்டு. அதற்கு கட் ஹுக் (gut hook), அதாவது குடல் கொக்கி என்று பெயர். தோலில் மாட்டி இழுத்தால் குடலைத் தொடாமல் வயிறு திறந்துகொள்ளும். புதிதாக வேட்டைக்குச் செல்பவருக்கு அது துணை செய்யும் என்பதை மறுக்கவில்லை. எனினும், மயிரும் கொழுப்பும் அதில் அடைத்துக்கொள்ளும். மழுங்கினால் சாதாரணச் சாணைக்கல்லில் தீட்ட முடியாது, மெல்லிய உருண்டை அரம் தேவைப்படும். முனைக்கு அருகில் முதுகைக் குடைந்துவிடுவதால் விரல் வைக்கும் இடமும் போய்விடுகிறது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: பின்லாந்தின் பூக்கோ கத்தியில், கை அலகின்மேல் நழுவாமல் தடுக்கும் கைக்காப்பே இல்லை. வழுக்காதா? – வாசகர், சேலம்

பதில்: பூக்கோ குத்துவதற்காகச் செய்யப்பட்டதன்று, மரம் செதுக்கவும், மீன் அரியவும், வேட்டையில் கிடைத்ததைச் சுத்தம் செய்யவும் அன்றாடம் புழங்கும் கத்தி. இழுத்து அறுக்கும் வேலையில் கைக்காப்பு இடைஞ்சல்தான். அது இல்லாததால் விரல் கூரின் தொடக்கம் வரை சென்று அழுத்தம் கொடுக்க முடிகிறது. நேரான முதுகு, சுருள் ரேகை ஓடும் பிர்ச் மரப்பிடி, பிடியில் பாதியையும் விழுங்கிக்கொள்ளும் ஆழமான தோல் உறை என்று எல்லாமே அளவாக அமைந்த கத்தி அது. அலகின் இருபுறமும் ஒரே அகன்ற சரிவு கூர் வரை இறங்குவதால், அந்தச் சரிவைக் கல்லின்மேல் படியவைத்துத் தேய்த்தாலே கூர் வந்துவிடும். ஆயினும் இரத்தமும் கொழுப்பும் படிந்த கையில் வழுக்கும் ஆபத்து உண்மையானதே. அதனால்தான் சில தயாரிப்பாளர்கள் இப்போது பிடியின் முன்னால் சிறிய மேடு ஒன்று விடுகிறார்கள்.

கேள்வி: அலையலையாகக் கோலம் ஓடும் டமாஸ்கஸ் எஃகு வேட்டைக் கத்திகள் தரமானவையா? அது நம் நாட்டு எஃகு என்கிறார்களே? – வாசகர், ஈரோடு

பதில்: பெயர் ஒன்று, பொருள் இரண்டு. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்கு மூலப்பொருளாக இருந்தது தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற உருக்கு. இரும்பைக் கரிமப் பொருளோடு மண்மூசை என்ற சிறு மண்கலத்தில் அடைத்து உருக்கும் அந்தத் தொழிலின் தடயங்கள் உங்கள் மாவட்டத்திலேயே, நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அதன் கோலம் எஃகுக்குள்ளேயே கார்பைடுகள் என்ற கடினமான துகள்கள் வரிசையாகத் திரள்வதால் தோன்றுவது. வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருப்பதே அதற்குக் காரணம் என்று வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பென்ட்ரே என்ற கொல்லரும் 1990-களில் செய்து காட்டினார்கள்.

இன்று கடைகளில் கிடைப்பது வேறு. நிக்கல் கலந்த எஃகையும் கலக்காத எஃகையும் அடுக்கி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்து, அமிலத்தில் தோய்க்கும்போது ஒன்று கறுத்து மற்றொன்று பளிச்சென்று நிற்பதால் வரும் கோலம் அது. 1973-இல் பில் மோரன் என்ற அமெரிக்கக் கொல்லர் இவ்வகைக் கத்திகளைக் காட்சிக்கு வைத்த பிறகே அமெரிக்காவில் அதற்கு மறுவாழ்வு வந்தது. அடுக்கின் குறுக்கே பள்ளங்கள் வெட்டித் தட்டையாக அடித்தால் ஏணிக் கோலம். ஆழமில்லாத குழிகள் துளைத்து அடித்தால் மழைத்துளிக் கோலம்.

கோலத்தால் கூர் கூடுவதில்லை. எந்த எஃகுகளைச் சேர்த்தார்கள், எப்படிப் பதமேற்றினார்கள் என்பதே தரத்தைத் தீர்மானிக்கிறது. இவ்விரண்டையும் சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் எவ்வளவு அழகான கத்தியையும் வாங்க வேண்டாம். வாங்கினால், பெரும்பாலும் எளிதில் துருப்பிடிக்கும் எஃகுகளே இதில் சேர்வதால், வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே நெடுநாள் எடுக்கப்போவதில்லை என்றால் கத்தியை உறைக்கு வெளியே வையுங்கள்.