ராஸ்பெர்ரி பை ஆன் ஆகவில்லையா? பெங்களூரு வாசகர்கள் கேள்வி பதில்

கேள்வி (அல்சூர்): ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டரில் பை 4 மாடல் போர்டு சார். சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை ஒரு தடவைகூட மினுக்கவில்லை. டிவி இருட்டு. போர்டு போய்விட்டதா?

பதில்: முதலில் ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) இருக்கும் எஸ்டி கார்டை உருவிவிட்டு, டைப்-சி ஓட்டையை ஒட்டி இருக்கும் ஹெச்டிஎம்ஐயில் கேபிளைச் செருகி பவர் கொடுங்கள். கார்டே இல்லாமல் டிவியில் பூட்லோடர் (போர்டை எழுப்பும் முதல் புரோகிராம்) திரை எழுத்துகளோடு வந்தால் போர்டுக்கு உயிர் இருக்கிறது, கோளாறு கார்டில்தான்.

திரை வரவில்லையா? பை 4-ல் பூட்லோடர் போர்டின் மேலேயே ஒரு சின்ன மெமரி சிப்பில் இருக்கிறது. அதில் உள்ளது கெட்டுப்போனால் எத்தனை கார்டு மாற்றினாலும் பச்சை விளக்கு அசையாது. கம்ப்யூட்டரில் இருந்து கார்டில் எழுத உதவும் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற புரோகிராமில் மிஸ்க் யுடிலிட்டி, பூட்லோடர், எஸ்டி கார்டு பூட் என்று வரிசையாகப் போய் ஒரு பழைய கார்டில் எழுதுங்கள். அதைப் போட்டு ஆன் செய்தால் பச்சை விளக்கு நிற்காமல் வேகமாக மினுக்கும், டிவி முழுக்கப் பச்சையாகும். அதன்பின் 10 விநாடி விட்டு பவரை எடுத்து, உங்கள் ஓஎஸ் கார்டைப் போடுங்கள்.

கேள்வி (விவேக் நகர்): பையனின் ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு பை 3. பச்சை விளக்கு 4 தடவை மினுக்குகிறது, நிற்கிறது, மறுபடி 4.

பதில்: அது கணக்கு வைத்துத்தான் மினுக்குகிறது அம்மா. 4 என்றால் பூட்டுக்குத் தேவையான ஸ்டார்ட் ஃபைல் கிடைக்கவில்லை, 7 என்றால் ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் கார்டில் ஓஎஸ்ஸைப் புதிதாக எழுதினால் போதும். 8 வந்தால் போர்டின் ராம் கோளாறு.

கேள்வி (கே.ஆர். புரம்): லேப்டாப்பின் 65 வாட் டைப்-சி சார்ஜரில் பை 5 போட்டிருக்கிறேன் அண்ணா. ஆன் ஆகிறது, யுஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்து மட்டும் பூட் ஆக மாட்டேன் என்கிறது. 65 வாட் போதாதா?

பதில்: வாட்டைப் பார்த்து எல்லாரும் ஏமாறும் இடம் இதுதான். அந்த 65 வாட் 20 வோல்ட்டில் கிடைப்பது. பை எடுப்பது 5 வோல்ட் மட்டும். 5 வோல்ட்டில் அந்த மாதிரி சார்ஜர்கள் பெரும்பாலும் 3 ஆம்பியருக்கு மேல் தராது. 5 ஆம்பியர் கிடைக்காது என்று தெரிந்தால் பை 5 தன் யுஎஸ்பி போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். எஸ்எஸ்டிக்கு அது எந்த மூலைக்கு? 5.1 வோல்ட், 5 ஆம்பியர் தரும் 27 வாட் அடாப்டரே வாங்குங்கள். பை 4-க்கு 3 ஆம்பியர், பை 3-க்கு 2.5 ஆம்பியர்.

மொபைல் சார்ஜரில் பை 3 ஓட்டுபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மெல்லிய கேபிளிலேயே அரை வோல்ட் இறங்கிவிடும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் திரை மூலையில் மின்னல் குறி வரும், சிவப்பு விளக்கு அணையும். சார்ஜரைக் குறை சொல்லுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி (ஜெயநகர்): பை 3-ல் நன்றாக ஓடும் பழைய கார்டு, பை 5-ல் எழவில்லை.

பதில்: எழாது. பை 5-க்கு ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் என்ற பதிப்பு அல்லது அதற்குப் பிந்தைய ஓஎஸ் வேண்டும்.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): எஸ்.பி. ரோட்டில் 128 ஜிபி கார்டு பாதி விலைக்குக் கிடைத்தது. ஒரு வாரம் ஓடி, இப்போது கெர்னல் பேனிக் என்று காட்டி நின்றுவிடுகிறது.

பதில்: பாதி விலை என்றாலே சந்தேகம் வர வேண்டும். கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப்பைத் திருத்தி, 8 ஜிபி சிப்பை 128 என்று சொல்ல வைத்திருப்பார்கள். எழுதியது உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் ஃபைல்கள் பாழாகும். லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை புரோகிராமை ஓட்டினால் குட்டு வெளிப்படும். கார்டு அசல்தான் என்று தெரிந்தால், கரண்ட் கட்டில் ஃபைல் சிஸ்டம் கெட்டிருக்கலாம். வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகி, கார்டின் இரண்டாவது பார்ட்டிஷனை (பகுதியை) மவுன்ட் செய்யாமல், அதாவது திறக்காமல், எஃப்எஸ்சிகே என்ற ஃபைல் சிஸ்டம் சரிசெய்யும் கட்டளையை ஓட்டுங்கள்.

கேள்வி (அல்சூர், மறுபடியும்): பூட்லோடர் எழுதியும் பயனில்லை சார். போன வாரம் ரிலே போர்டு ஒன்றை ஜம்பர் ஒயரில் மாட்டினேன்.

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! ஜம்பர் ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பவர் கொடுங்கள். ஒயர் மாட்டியிருந்த பின் வரிசையில், மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 6-ஆம் பின்னில் (கிரவுண்ட்) வையுங்கள். சிவப்பை 2-ல் வைத்தால் 5 வோல்ட், 1-ல் வைத்தால் 3.3 வோல்ட் காட்ட வேண்டும். முனை வழுக்கி 1-ஐயும் 2-ஐயும் சேர்த்துத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நல்ல போர்டும் அந்த நொடியில் செத்துவிடும். 5 வந்து 3.3 வரவில்லை என்றால், போர்டுக்கு வேண்டிய வோல்டேஜ்களைத் தரும் பவர் ஐசி என்ற சிப் போயிற்று. அதை மாற்ற ஹாட் ஏர் ஸ்டேஷனும் பழகிய கையும் வேண்டும். கூலியை விசாரித்துவிட்டு, புது போர்டு விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.