நார்கோஸ் தொடரைப் பற்றி உங்கள் கருத்து என்ன? பார்க்கலாமா?

கொலம்பியக் கொக்கெயின் கடத்தல்காரன் பாப்லோ எஸ்கோபாரின் கதையில் தொடங்கும் தொடர் இது. பார்க்கலாம். முடிந்தால் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். எனக்கு அப்படி அமைந்தது.

என் தாய்மாமா வேலூர் மாவட்டத்தில் மதுவிலக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து, ஏட்டாக ஓய்வு பெற்றவர். வீடு தொரப்பாடியில். போன மே மாதம் அங்கே தங்கியிருந்தேன். வேலூர் வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் வாசலில் கால் வைக்க முடியாது. கதவைச் சாத்திவிட்டு இருவரும் இந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தோம். ஒலி பெரும்பாலும் ஸ்பானிஷ், கீழே ஓடும் எழுத்து ஆங்கிலம். மாமாவுக்கு இரண்டும் ஆகாது என்பதால் நான்தான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேள்வியின் கீழே, "கொலைகாரனையே நாயகனாகக் காட்டுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. பாகாயம் பக்கம் ஓடும் ஓர் ஆட்டோவின் பின்கண்ணாடியில் பாப்லோ எஸ்கோபாரின் மீசை முகம் ஒட்டியிருக்கிறது. "இவர் எந்தக் கட்சி?" என்று மாமா ஒருமுறை கேட்டார். கேட்டதில் தவறில்லை, தலைவர் படம்போலத்தான் இருந்தது. மெதெயின் நகரத்துக் கொக்கெயின் வியாபாரியின் படம் இங்கே ஆட்டோ வரைக்கும் வந்ததில் 2015இல் வெளியான இந்தத் தொடருக்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் தொடர் அவனை மறைத்துக் காட்டவில்லை. 1984இல் நீதித்துறை அமைச்சர் ரோட்ரிகோ லாரா போனியா கொலை, 1989 ஆகஸ்டில் அதிபர் வேட்பாளர் கலான் கொலை, அதே ஆண்டு நவம்பரில் நடுவானில் வெடித்த அவியாங்கா விமானம் எல்லாம் வருகின்றன. அந்த விமானத்தில் இருந்த 107 பேரும் இறந்தார்கள். குறி வைக்கப்பட்ட வேட்பாளர் கவிரியா அதில் ஏறவே இல்லை. சிக்கல் என்னவென்றால், செத்தவர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம், கொன்றவனுக்கு இருபது பாகம். குழந்தையைக் கொஞ்சுகிறான், அம்மாவுக்கு அடங்குகிறான், தனியாக உட்கார்ந்து கண் கலங்குகிறான். அவ்வளவு நேரம் ஒருவனோடு இருந்தால் பார்ப்பவனுக்குப் பாசம் வந்துவிடாதா?

எஸ்கோபாராக வரும் வாக்னர் மௌரா நன்றாக நடித்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. பிரேசில்காரர், தாய்மொழி போர்த்துகீசியம். இதற்காகவே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு, உடம்பை ஏற்றிக்கொண்டு நடித்தார். அவருடைய உச்சரிப்பைக் கேட்டுக் கொலம்பியர்கள் சிரித்தார்கள். குடியாத்தத்துக்காரனாக வரும் ஒருவர் படம் முழுக்கக் கோயம்புத்தூர்த் தமிழ் பேசினால் நமக்கு எப்படி இருக்கும்? அதுதான். நமக்கு ஸ்பானிஷ் தெரியாததால் தப்பித்தோம்.

மாமாவுக்கு மிகவும் பிடித்தது 'லா கதெட்ரல்' பகுதி. 1991இல் அரசோடு பேசிச் சரணடைந்த எஸ்கோபார், தானே அமைத்துக்கொண்ட மலைமேல் சிறையில் கால்பந்து மைதானத்தோடு குடியிருக்கிறான். மாமா வீட்டுத் தெருமுனையில் நின்றால் வேலூர் மத்தியச் சிறையின் மதில் தெரியும். அவர் எழுந்துபோய் ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு வந்து, விழுந்து விழுந்து சிரித்தார். "காவலுக்கு நிற்பவனுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று பார்" என்றார். தொடர் முழுவதற்கும் இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை.

அவருடைய வேலைக்காலம் பெரும்பாலும் அணைக்கட்டுக்கு மேலே அல்லேரி மலையில் போனது. தெரியாதவர்களுக்கு: வெல்லமும் வேலம்பட்டையும் தண்ணீரில் போட்டுப் பேரல் பேரலாக ஊறல் வைப்பார்கள். அது புளித்ததும் காய்ச்சி, லாரி டியூபில் நிரப்பி, தலைச்சுமையாகக் கீழே இறக்குவார்கள். போலீஸ் மேலேறிப் போய் ஊறலைக் கொட்டி, அடுப்பை உடைத்துவிட்டு வரும். சில வாரங்களில் வேறொரு ஓடைக்கரையில் அடுப்பு புகையும். கொக்கெயினையும் சாராயத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் கொலம்பியச் சேரிகளின் கூரைமேல் நிற்கும் சிறுவர்கள், போலீஸ் வண்டி வருவதை வாக்கிடாக்கியில் சொல்லும் காட்சி வந்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "எங்களுக்கு விசில். அடிவாரத்தை விட்டுக் கிளம்பியதுமே மேலே விசில் கேட்கும். மூன்று மணி நேரம் ஏறிப் போனால் அடுப்பில் சூடு மட்டும்தான் இருக்கும்."

போலீஸ் வருவதை ஊர்க்காரர்கள் ஏன் கும்பலுக்குச் சொல்கிறார்கள் என்பதற்கு இந்தத் தொடர் தரும் பதில் சுமார்தான். எஸ்கோபார் ஏழைகளுக்கு வீடு கட்டினான், மைதானத்துக்கு விளக்குப் போட்டான், அதனால் நன்றி என்று இரண்டு காட்சியில் முடித்துவிடுகிறார்கள். மாமாவின் பதில் நீளமானது. அல்லேரியில் அப்போது சாலையில்லை. 2023இல் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்தபடி மலையேறியதை நாடே செய்தியில் பார்த்தது, அதே மலைதான். அரசாங்கம் என்று அவர்கள் பார்த்தது அடுப்பை உடைக்க வந்த எங்களைத்தான், பிறகு எங்களுக்கா விசில் அடிப்பார்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார்: "அடுப்புப் பக்கத்தில் பிடிபட்டவன் எல்லாம் கூலிக்காரன். கீழேயிருந்து வெல்லம் அனுப்பியவனை ஒருநாளும் மலையில் பார்த்ததில்லை." நார்கோஸில் இது தலைகீழ். முதலாளி எல்லாக் காட்சியிலும் இருக்கிறான், கோக்கா இலை பறித்தவன் முதல் பாகத்தில் முகம் காட்டிவிட்டுக் காணாமல் போகிறான்.

இரண்டாம் பருவத்தில் ஓர் இடம். எஸ்கோபாரைத் தேடும் போலீஸ் படையின் கர்னல் கரியோ, கூரைமேல் நின்று தகவல் சொல்லும் அந்தச் சிறுவர்களைச் சுற்றி வளைத்து, ஒருவனை மற்றவர்கள் கண்முன்னே சுடுகிறார். இன்னொருவன் கையில் ஒரு தோட்டாவைக் கொடுத்து எஸ்கோபாரிடம் சேர்க்கச் சொல்கிறார். நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். மாமா எழுந்து வெளியே போனார், அன்று திரும்ப வந்து உட்காரவில்லை. இரவு சாப்பிடும்போது, "அது நடந்ததா?" என்று கேட்டார். கரியோ கற்பனைப் பாத்திரம், தேடுதல் படையை உண்மையில் நடத்தியவர் கர்னல் ஹூகோ மார்ட்டினஸ் என்றேன். "கற்பனை செய்கிறவனுக்கு அந்தப் பையன்தானா கிடைத்தான்?" என்று கேட்டுவிட்டுத் தட்டில் கை கழுவினார். மலையில் அவர் எத்தனை பையன்களைப் பிடித்திருப்பார், என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அந்தக் காட்சியை நான் குறையாகச் சொல்லவில்லை. வேட்டைக்காரனும் கெட்டுப்போவான் என்று தொடர் துணிந்து காட்டிய இடம் அது. எனக்கு உறுத்துவது அமெரிக்க அதிகாரி மர்ஃபியின் குரல். எல்லாவற்றையும் அவர்தான் விளக்குகிறார், கொலம்பியாவைக் கொலம்பியர்களுக்கே பாடம் எடுப்பதுபோல. உண்மையில் 1993 டிசம்பர் 2 அன்று எஸ்கோபாரின் மறைவிடத்தைக் கண்டுபிடித்தது மார்ட்டினஸின் மகன். அவரும் போலீஸ் அதிகாரி. எஸ்கோபார் தன் மகனோடு நீட்டிப் பேசிய தொலைபேசி அழைப்பின் ரேடியோ அலையைக் கருவியோடு பின்தொடர்ந்து போனார். அப்பாவும் மகனும் சேர்ந்து வேட்டையாடி முடித்த கதை. அதை நடுவில் வைத்து எடுத்திருந்தால் வேறொரு தொடர் கிடைத்திருக்கும்.

கொலம்பியர்களே 2012இல் எஸ்கோபாரைப் பற்றி 'எல் பத்ரோன் தெல் மால்' என்று ஒரு நீண்ட தொடர் எடுத்தார்கள். தயாரித்தவர்களில் ஒருவர் கமிலோ கானோ. எஸ்கோபாரை எதிர்த்து எழுதியதற்காக 1986இல் சுட்டுக் கொல்லப்பட்ட 'எல் எஸ்பெக்டடோர்' நாளிதழ் ஆசிரியர் கியர்மோ கானோவின் மகன். இன்னொருவர் ஹுவானா உரிபே, கொல்லப்பட்ட கலானின் உறவினர். இழந்தவர்கள் எடுத்த கதை என்பதற்காகவே அதையும் தேடிப் பார்க்கச் சொல்வேன்.

எஸ்கோபார் செத்ததும் நிறுத்திவிடாதீர்கள். பலர் அங்கேதான் நிறுத்துகிறார்கள். என் கணக்கில் மூன்றாம் பருவம்தான் உச்சம். கொலம்பியாவின் 'காலி' என்ற நகரத்துக் கும்பல் கோட்டு சூட்டு போட்டவர்கள், அமைதியாக லஞ்சம் கொடுத்துக் காரியம் முடிப்பவர்கள். அவர்களுடைய பாதுகாப்புத் தலைவர் ஹோர்ஹே சால்செதோ உள்ளேயிருந்தே காட்டிக்கொடுக்கத் தொடங்குகிறார். அவர் உண்மையாக இருந்தவர். ஒவ்வொரு முறை தொலைபேசி மணி அடிக்கும்போதும் நம் வயிறு கலங்கும். துப்பாக்கிச் சண்டை குறைவு, பயம் அதிகம். மெக்சிகோவை வைத்து 2018 முதல் வந்த மூன்று பருவங்களும் நன்றுதான், ஆனால் பெயர்கள் குழப்பும். அதன் படப்பிடிப்புக்கு இடம் பார்க்கப் போன ஒருவர் 2017இல் மெக்சிகோவில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று தெரிந்த பிறகு என்னால் அதைப் பொழுதுபோக்காகப் பார்க்க முடியவில்லை.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக் கூடத்தில் போடாதீர்கள்.

மாமா சால்செதோவின் கதையில் பாதி வரை வந்திருக்கிறார். நான் சென்னை திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து, "அந்த ஆள் மாட்டிக்கொண்டானா? அதை மட்டும் சொல்" என்று கேட்கிறார். சொல்ல மாட்டேன். தீபாவளிக்குப் போகும்போது மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.